அவர் இருக்கிற வரைக்கும்

தென்காசி வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் பேச்செடுத்தது நான்தான். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாம் மகன் என்னை நெருக்கினான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவன் நெருக்கவில்லை.

ஓசூரில் மகனும் மருமகளும் நானும் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருக்கிறோம். வீட்டுக்காரம்மா கீழே. மாதம் ஒருமுறை தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச வருவது போல மேலே வருவார். பேச்சு மோட்டாரைப் பற்றி இருக்கும், கண் சுவர்களில் ஓடும். போன சித்திரையில் மருமகள் கடிகாரம் மாட்ட ஓர் ஆணி அடித்துவிட்டாள். அந்தம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.  அவர் இறங்கிப் போனதும் மகன் ஆணியைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டையில் பற்பசையைப் பிதுக்கி விரலால் தடவிச் சரிசெய்தான். முப்பத்தைந்து வயது ஆள், சுவரில் பற்பசை தடவிக்கொண்டு நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. "தென்காசி வீட்டைக் குடுத்துட்டு இங்கேயே ஒண்ணு பாருப்பா" என்றேன்.

அந்த வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்த என் கணவர் நின்று கட்டியது. ஊரார் கட்டடத்தையெல்லாம் அளந்து குறை சொன்னவர், தன் வீட்டின் மேற்குச் சுவருக்கு மட்டும் சன்ஷேடு வைக்காமல் விட்டுவிட்டார். ஆனி, ஆடியில் மலையிலிருந்து அடிக்கிற சாரல் முழுவதும் அந்தச் சுவரில்தான் விழும். படுக்கையறைப் பக்கம் பூச்சு உப்பி, கை வைத்தால் மாவாக உதிரும். அடுத்த வருஷம் பார்ப்போம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே செங்கல்பட்டுக்கு மாற்றல் வந்தது. ஆறு வருஷம்கூட நாங்கள் அந்த வீட்டில் இருக்கவில்லை. ஓய்வுபெற்று மகனோடு இருக்க ஓசூர் வந்த பிறகு, நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார். எனக்கு அந்த வீட்டின் மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே வந்துதான் மற்றவர் திரும்ப முடியும். ஆனாலும் ஓசூரில் யாராவது கேட்டால் "எங்களுக்குச் சொந்த வீடு தென்காசியில இருக்கு" என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. அதைத்தான் விற்க மனமில்லாமல் வைத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டில் எட்டு வருஷமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரும் அவர் மனைவியும். அந்தம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். ஒரே மகள், வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி என் போனுக்கு வாடகை வந்துவிடும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதனால் அவர்களை நான் நினைக்கவேண்டி வந்ததே இல்லை.

தரகர் பத்தே நாளில் ஆள் பிடித்துவிட்டார். ஆலங்குளத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர், குற்றாலத்தில் இரண்டு லாட்ஜும் நடத்துகிறார். வீட்டை இடித்து மாற்றி சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறை அறையாக விடுவது அவர் திட்டம். விலையில் பெரிதாக இழுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, வீடு காலியாக இருக்க வேண்டும்.

எட்டு வருஷம் இருந்தவர்களிடம் போனில் சொல்வது முறையில்லை என்று நானே கிளம்பினேன். ஆனி மாதம். தென்காசி பஸ் நிலையத்தில் காலையில் இறங்கும்போது காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. தோளில் துண்டும் கையில் எண்ணெய் பாட்டிலுமாக ஒரு கூட்டம் குற்றாலம் பஸ்ஸில் முண்டிக்கொண்டிருந்தது. நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் அந்தம்மா ஏன் என்று கேட்பார், போனிலேயே சொல்லவேண்டி வரும்.

கதவைத் திறந்த அந்தம்மா என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். "வாங்கக்கா" என்றார். வழி விடாமல் வாசலிலேயே நின்றார். பிறகு வேறு வழியில்லை என்பது போல ஒதுங்கினார்.

முன்கூடத்தில் கட்டில் போட்டு அவர் கணவர் கிடந்தார். வலது கையும் காலும் துணி சுருட்டி வைத்ததுபோலக் கிடந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சிறுநீர்ப் பை கட்டில் காலில் தொங்கியது. நான் கடைசியாகப் பார்த்தபோது அந்த மனிதர் தென்னையில் ஏறித் தேங்காய் பறித்துப் போட்டவர்.

"எப்ப ஆச்சு?"

"எட்டு மாசம் ஆச்சுக்கா. காலம்பற பல்லு வெளக்கப் போனாவ, அங்கனயே சாஞ்சிட்டாவ. ஸ்ட்ரோக்குன்னு சொல்லிட்டாவ. ரூமுக்குள்ள ஈரம், அதான் இங்கன கொண்டாந்து போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அவர் தையல் மெஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சொன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவியளோன்னு பயந்துட்டேன்."

நான் அதைச் சொல்லத்தானே வந்திருந்தேன். கையில் வைத்திருந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கட்டிலிலிருந்து அவர் என்னைப் பார்த்து, "போலாம்" என்றார். தெளிவாக, நல்ல குரலில் சொன்னார்.

"எல்லாத்துக்கும் அதான் சொல்லுவாவ" என்றார் அந்தம்மா. "பசிச்சாலும் போலாம், வலிச்சாலும் போலாம். வேற சொல்லே வரமாட்டேங்கு. முப்பது வருசம் கண்டக்டரு சொன்ன அந்த ஒத்தச் சொல்லக் கேட்டுத்தான வண்டிய எடுத்தாவ."

டீ போட்டுக் கொடுத்தார். நான் பேச்சை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அவரே தொடங்கிவிட்டார். தரகர் இரண்டு தடவை வந்து வெளியே நின்று வீட்டைப் பார்த்துவிட்டுப் போனாராம். அன்றைக்கே விஷயம் புரிந்துவிட்டதாம்.

"அன்னைலருந்து நானும் வீடு தேடுதேன்க்கா. சும்மா உக்காரல. பதினோரு வீடு பாத்தாச்சு. எத்தன பேருன்னு கேப்பாவ, ரெண்டே பேருதான்னா சந்தோசமா சாவிய எடுத்துக் குடுப்பாவ. பொறவு இப்பிடிக் கெடக்காவன்னு சொன்னா, மகளுக்குக் கல்யாணம் வருது, தம்பி ஊர்லருந்து வாரான், அப்பிடின்னு இழுப்பாவ. ஒருத்தி மட்டும் மூஞ்சிக்கு நேராச் சொன்னா. ஒங்க வீட்டுக்காரரு எங்க வீட்டுல செத்துப்போனா நாங்க என்ன செய்யன்னு."

"மக வீட்டுல?"

"அங்கன ரெண்டு ரூமு. மாமனாரு, மாமியாரு, கொழுந்தன், எல்லாரும் அதுக்குள்ளதான். அவளால வாயத் தொறக்க முடியுமா?"

 பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். கட்டிலில் கிடப்பவருக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்திருப்பார்.

"யக்கா, டாக்டரு ரொம்ப நாளு தாங்காதுன்னுதான் சொல்லுதாரு. அவிய இருக்கிற வரைக்கும் பொறுத்துக்கோங்க. அவிய போன மறுமாசம் நான் ஒத்த ஆளு, எங்கயாவது போயிருவேன். ஒங்களுக்கு எடஞ்சலா இருக்கமாட்டேன்."

"சரி" என்றேன். எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றே நினைத்தேன். அந்த ஒரு வார்த்தையால் எதற்குச் சம்மதித்தேன் என்பது அப்போது புரியவில்லை.

அன்று மத்தியானம் வாங்குகிறவரைப் பார்க்கக் குற்றாலம் போனேன். லாட்ஜின் முன்னால் சிப்ஸ் வாங்குகிற கூட்டம், ஈரத் துணியோடு நடக்கிறவர்கள், வழிநெடுக எண்ணெய் வாடை. அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு போன்களில் மாறி மாறி அறை இல்லை, அறை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மனிதர் கெட்டவர் இல்லை. உச்சுக்கொட்டினார். அப்புறம் கேட்டார்.

"பாவந்தான்க்கா. நான் மாட்டேங்கல. எத்தன மாசம் ஆவும்? டாக்டரு என்ன சொல்லுதாவ?"

"ரொம்ப நாள் தாங்காதுங்காவ அண்ணாச்சி."

"சரி, தை வரைக்கும் பாக்கேன். அடுத்த சீசனுக்கு ரூமு ரெடியா இருந்தாப் போதும்."

இப்படியாக ஒரு மனிதர் சாவதற்கு நாங்கள் இரண்டு பேரும் தவணை வைத்தோம். சிப்ஸ் கடையில் மகனுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஓசூர் வந்த பிறகு மாதம் இரண்டு தடவை அந்தம்மாவுக்குப் போன் செய்தேன். முந்தைய எட்டு வருஷத்தில் மொத்தமாகவே அத்தனை தடவை பேசியிருக்கமாட்டேன். "எப்படி இருக்காவ?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாவ" என்று சொல்லும்போது அவர் குரல் ஏதோ தப்பை ஒப்புக்கொள்வதுபோல இருக்கும். நானும், "அப்பிடியா, நல்லது" என்பேன். போனை வைத்ததும் மகன் என் முகத்தைப் பார்ப்பான். நான் இல்லை என்று தலையாட்டுவேன். எதற்கு இல்லை என்று இருவரும் சொல்லிக்கொள்வதில்லை.

ஐப்பசி அடைமழையில் டிரைவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கத் தொடங்கியது. அந்தம்மாவே கூப்பிட்டார். "டாக்டரு சொந்தக்காரவங்களுக்குச் சொல்லிருங்கன்னுட்டாரு" என்றார். அழவில்லை. மகனிடம் சொல்லிவிட்டு நான் அடுப்படியில் நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மகன் கூடத்தில் உட்கார்ந்து ஆலங்குளத்துக்காரரிடம் போனில் பேசுவது கேட்டது. "இன்னும் ரெண்டு நாள்தான் அண்ணாச்சி இருக்கும்போல." அதைக் கேட்டுக்கொண்டே நான் சோறு வடித்தேன். போய் அவனிடமிருந்து போனைப் பிடுங்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அந்தம்மா காலி செய்ததும் கார்த்திகைக்குள் பத்திரம் போட்டுவிடலாம் என்று என் மனசு அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தது.

ஐந்தாம் நாள் அந்தம்மா போன் செய்தார்.

"யக்கா, தெளிஞ்சிட்டாவ. இப்பக் கஞ்சி குடிக்காவ."

 நல்லது என்று சொல்லியிருக்கவேண்டும், சொல்ல வரவில்லை. அந்த மௌனத்தை அவர் கேட்டுவிட்டார்.

"நீங்க வேற அங்கன சொல்லி வச்சிருப்பிய. கோவிச்சுக்கிடாதீங்கக்கா" என்றார்.

புருஷன் பிழைத்துக்கொண்டதற்காக ஒரு பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அறுபது வயதுக்குள் எனக்கு என்னென்னவோ நடந்திருக்கிறது. எதுவும் என்னை அப்படிக் கூசவைத்ததில்லை. அதற்குப் பிறகு நான் போன் செய்வதை நிறுத்திவிட்டேன். ஐந்தாம் தேதி வாடகை வரும். அதைப் பார்த்து இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வேன்.

தை பிறந்த இரண்டாம் வாரம் ஆலங்குளத்துக்காரர் மகனிடம் பேசினார். ஐந்தருவிச் சாலையில் வேறு இடம் அமைந்துவிட்டதாம், வருத்தப்பட வேண்டாம் என்றாராம். மகன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவன் ஓசூரில் பார்த்து வைத்திருந்த வீடும் அந்த மாதமே வேறு யாருக்கோ போனது. எனக்கு மட்டும் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. அந்தம்மாவிடம் சொல்லிவிடலாம், இனி உங்களை யாரும் காலி செய்யச் சொல்லமாட்டார்கள், நிம்மதியாக இருங்கள் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நல்ல வார்த்தையைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. இந்த வாரம் போகட்டும் என்று தள்ளினேன். அப்புறம் மருமகளுக்குக் காய்ச்சல். அப்புறம், வாடகை வந்ததும் பேசலாம் என்று நினைத்தேன்.

மாசியில் ஐந்தாம் தேதி வாடகை வந்தது. நான் பேசவில்லை. அடுத்த வாரம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவர்கள் மகள்.

"அத்தே, அம்மா போயிட்டாவ."

எனக்குக் காது தப்பாகக் கேட்டதுபோல இருந்தது. "அப்பாவா?" என்று கேட்டேன். இப்படிக் கேட்டதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"அப்பா இல்ல. அம்மா."

விடிகாலையில் அடுப்படியில் விழுந்திருக்கிறார். நெஞ்சுவலியாக இருக்கலாம். பால் ஊற்றவந்த பெண் எவ்வளவு கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து "போலாம், போலாம்" என்ற சத்தம் மட்டும் வந்ததாம். எவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டிருந்தாரோ. பக்கத்து வீட்டார் கதவை உடைத்துப் போயிருக்கிறார்கள்.

நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. தையல் மெஷின் மேல் பாதி தைத்த ஜாக்கெட் ஒன்று ஊசியோடு கிடந்தது. மகள் அப்பாவுக்கு வாயில் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் விழுங்காமல் வழியவிட்டார். அவர் என்னைப் பார்த்தார்.  அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அந்த ஒரு சொல்லையும் சொல்வதில்லை என்றாள் மகள்.

இரண்டு நாள் அங்கே இருந்தேன். கிளம்புகிற அன்று அவள் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கு அருகே நின்றோம்.

"அத்தே, அப்பாவ எங்க வீட்டுல ஏத்துக்கமாட்டேங்காவ. ஒரு பொம்பளய வேலைக்கு வச்சு இங்கனயே பாத்துக்கிடலாமான்னு நெனைக்கேன். நான் வாரத்துக்கு மூணு நாளு வந்து போவேன். வாடகையெல்லாம் நாங்க குடுத்துருவோம். நீங்க என்ன சொல்லுதிய?"

நான் உடனே சரி என்று சொல்லியிருக்கலாம். வாங்க ஆளில்லை, இப்போதைக்கு விற்கப்போவதும் இல்லை, வீடு சும்மா கிடக்கப்போகிறது. ஆனால் ஓசூரில் இருக்கும் மகனின் முகம் கண்முன் வந்தது. மறுபடியும் ஒரு வருஷமா, இரண்டு வருஷமா, மறுபடியும் அந்தப் போன்களா என்று ஓடியது. இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அதற்குள் அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"வேண்டாம் அத்தே. நீங்க எத்தன நாளுதான் பொறுப்பிய. அம்மாவே சொல்லுவாவ, அக்கா நல்லவிய, அவியளுக்கு எடஞ்சல் குடுக்கக்கூடாதுன்னு. கடைசி வரைக்கும் அதே பேச்சுதான். வீடு தேடச் சொல்லி எங்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தாவ."

கடைசி வரைக்கும். வாங்குகிறவர் விலகி ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகும் அந்தம்மா வீடு தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் செய்யாமல் விட்ட ஒரு போனால். இதை மகளிடம் சொல்லவில்லை. இரும்மா, அப்பா இங்கேயே இருக்கட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் திரும்பி உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

மறு வாரம் பண்பொழிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பங்குனியிலிருந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. தரகர் வாடகைக்கு மூன்று குடும்பத்தைக் கூட்டிவந்து காட்டினார். மூன்று பேரிடமும் தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள், அடுப்படியில் ஒருத்தி விழுந்து செத்தாள் என்று. யாரும் திரும்பி வரவில்லை. வாங்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மனைக்கு மட்டும் விலை சொன்னார். இன்னொருவர் உள்ளே வரவே இல்லை, வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர் அப்படியே மாட்டிக்கொண்டு போய்விட்டார். "ஒரு வருசம் போவட்டும்க்கா, சனம் மறந்துரும்" என்கிறார் தரகர். மகன் இப்போது வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. ஓசூர் வீட்டுக்கு இன்னும் பதினோரு மாதத்துக்குப் பத்திரம் புதுப்பித்து வந்துவிட்டான். விற்பதா வாடகைக்கு விடுவதா என்று என்னிடம் கேட்க யாரும் இல்லை. நானும் முடிவு என்று ஒன்றும் எடுக்கவில்லை. எடுக்க எதுவும் மிச்சமில்லை.

இந்த ஆனியில் ஒருமுறை போய் வந்தேன். பண்பொழிக்கும் போய் அவரைப் பார்த்தேன். சுத்தமான இடம், வரிசையாகக் கட்டில்கள். கன்னம் உப்பி, முன்பைவிடத் தேறியிருந்தார். நல்ல ஆகாரம், இன்னும் பல வருஷம் இருப்பார் என்றாள் பார்த்துக்கொள்கிற பெண். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாங்கிப் போன ஆரஞ்சை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டைத் திறந்தபோது பூசணம் பிடித்த வாடை முகத்தில் அடித்தது. படுக்கையறையில் பூச்சு பாய் அகலத்துக்கு விழுந்து கிடந்தது. கூட்டி அள்ளி இரண்டு சாக்கில் கட்டினேன். தூக்கி வெளியே வைக்கத் தெம்பில்லாமல் அங்கேயே போட்டுவிட்டேன். பூட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டம்மா வந்தார். அவர்களும் மாடியை சீசனுக்கு விடத் தொடங்கியிருக்கிறார்களாம்.

"மதினி, வார ஆளுக வண்டிய நிறுத்த எடமில்ல. ஒங்க வாசல்ல நிறுத்திக்கிடட்டுமா? சும்மாதான கெடக்கு."

"நிறுத்திக்கோங்க" என்று சொல்லி கேட் சாவியை அவர் கையில் கொடுத்தேன். சாரல் பலமாகிவிட்டது. ஆட்டோவுக்காகத் தெருமுனைக்கு நடந்தேன்.